மழைச் சத்தத்தை எப்போது வகுப்புக்குள் விடலாம்?

எங்கள் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் கொஞ்சக் காலமாக ஒரே மாதிரியான காணொளிகள் சுற்றுகின்றன. எட்டு மணி நேர மழை, பத்து மணி நேரக் கடல் அலை, கறுப்புத் திரையில் ஓடும் 'பழுப்பு இரைச்சல்'. வகுப்பில் மெல்லிதாகப் போட்டுவிட்டால் பிள்ளைகள் கவனம் சிதறாமல் இருப்பார்கள் என்ற குறிப்பும் கூடவே வரும். போன கிழமை ஒரு தோழி நேரடியாகவே கேட்டார்: "நீங்கள் வகுப்பில போடுறனீங்கள்தானே? உண்மையா வேலை செய்யுதோ?" குழுவில் இரண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் தரம் 8 முதல் 11 வரை விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வகுப்பில் பின்னணிச் சத்தம் போடுகிறேன் என்பது உண்மைதான். ஆனால் எந்த நேரமும் இல்லை. பிள்ளையின் காதுக்கு வேலை இருக்கும் நேரத்தில் எந்தச் சத்தமும் கூடாது. காது சும்மா இருந்து கையும் மூளையும் மட்டும் உழைக்கும் நேரத்தில், அதிலும் வெளியே தாறுமாறான சத்தம் இருக்கும்போது, சீரான ஒரு சத்தம் உதவும். இதற்கு மேல் அதிலிருந்து எதையும் எதிர்பார்க்கக்கூடாது என்பது என் முடிவு. ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் படித்தவர்களுக்கு எங்கள் வகுப்பறைகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நீளமான மண்டபம், அஸ்பெஸ்ரஸ் அல்லது தகரக் கூரை, அரைச்சுவர், அதற்கு மேல் கம்பிவலை. ஒரு வகுப்பையும் அடுத்த வகுப்பையும் பிரிப்பது ஒரு பலகைத் தட்டி, இல்லாவிட்டால் முதுகு காட்டி நிற்கும் இரண்டு அலுமாரிகள். நான் ஒளித்தொகுப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது தட்டிக்கு அந்தப் பக்கம் திருக்குறள் மனனம் நடக்கும். அதற்கும் அப்பால் ஆங்கில ரீச்சர் ஒரு சொல்லைச் சொல்ல நாற்பது குரல் திருப்பிச் சொல்லும். வீதியில் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் போகும், பாண் ஓட்டோ மெட்டுப் போட்டபடி வரும், பக்கத்துக் கோயிலில் திருவிழா என்றால் காலை ஒன்பது மணிக்கே ஒலிபெருக்கி பாடத் தொடங்கிவிடும். பின்னேரம் ரியூட்டரிக்குப் போனால் அங்கே கிடுகுக் கொட்டில்கள் அடுத்தடுத்து நிற்கும், ஒவ்வொன்றிலும் ஒரு சேர் மைக் பிடித்துப் படிப்பிப்பார்.

இவை எல்லாம் ஒரே அளவில் கெடுதல் செய்வதில்லை என்பதைப் பல வருடமாகக் கவனித்து வருகிறேன். லான்ட்மாஸ்ரரின் இரைச்சல்தான் மிகப் பெரியது. அது வரும்போது நான் பேச்சை நிறுத்திவிடுவேன், போனதும் தொடங்குவேன். கணக்குச் செய்துகொண்டிருக்கும் பிள்ளைகளோ அதற்குத் தலை நிமிர்வதே இல்லை. பாண் ஓட்டோவின் சத்தம் அதில் பாதிகூட இருக்காது. ஆனால் மெட்டுக் காதில் விழுந்த உடனே வகுப்பின் பாதித் தலை யன்னல் பக்கம் திரும்பிவிடும். எல்லாவற்றிலும் மோசமானது பக்கத்து வகுப்பின் பேச்சு. தலை திரும்பாது, கண் கொப்பியில்தான் இருக்கும், ஆனால் சமன்பாட்டின் நடுவில் பேனை அப்படியே நிற்கும்.

இதற்கு ஆய்வுகளில் தெளிவான விளக்கம் இருக்கிறது. 1976 இல் கோல், வெல்ஷ் என்ற இரண்டு உளவியலாளர்கள், சில எழுத்துகளை வரிசையாக நினைவில் வைக்கும் வேலையை மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். அவர்கள் அதைச் செய்யும்போது பின்னால் ஒருவர் ஜெர்மன் மொழியில் வாசிக்கும் ஒலிப்பதிவு ஓடியது. மாணவர்களுக்கு ஜெர்மன் தெரியாது, அதைக் கவனிக்க வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்கள். அப்படியிருந்தும் பிழைகள் கூடின. பிறகு வந்த ஆய்வுகள் இதை இன்னும் விரித்தன. சத்தம் எவ்வளவு பெரியது என்பதைவிட, அது எவ்வளவு மாறிக்கொண்டே இருக்கிறது என்பதுதான் இந்த வகை வேலையில் மனதைக் குழப்புகிறது. ஒரே சீராக ஓடும் இரைச்சலைக் காது சீக்கிரமே ஒதுக்கிவிடும். பேச்சு ஒவ்வொரு கணமும் மாறுவதால் அதை ஒதுக்க முடியாது. பக்கத்து வகுப்பில் நடப்பது சிங்களப் பாடம் என்றாலும், அது விளங்காத பிள்ளைக்கும் அதே இடைஞ்சல்தான்.

இனி மழை. ஐப்பசி, கார்த்திகையில் மாரி கொட்டும்போது தகரக் கூரைக்குக் கீழே நின்று படிப்பித்தவர்களுக்குத் தெரியும், முன் வாங்கில் இருக்கும் பிள்ளைக்குக்கூட நாங்கள் பேசுவது கேட்காது. தொண்டை கிழியக் கத்திப் பார்த்துவிட்டு, கடைசியில் கரும்பலகையில் ஐந்து கேள்வியை எழுதிப்போட்டு "செய்யுங்கோ" என்று சைகை காட்டிவிட்டு இருந்துவிடுவோம். பிறகு நடப்பதுதான் எனக்கு வியப்பு. வருடம் முழுக்கத் திரும்பித் திரும்பிக் கதைக்கும் வகுப்பு, அரை மணி நேரம் தலை குனிந்து எழுதும். கதைத்தாலும் பக்கத்தில் இருப்பவனுக்குக் கேட்காது என்பது ஒரு காரணம். இன்னொன்று, திருக்குறளும் ஆங்கிலமும் வீதியும் அன்றைக்குக் காணாமல் போய்விடுகின்றன. ஒரு குறளின் கடைசிச் சீர்கூடத் தட்டியைத் தாண்டி வராது.

மழையின் சத்தம் ஆயிரக்கணக்கான துளிகள் எந்த ஒழுங்கும் இல்லாமல் விழுவதால் உண்டாவது. தாழ்ந்த அதிர்வெண், உயர்ந்த அதிர்வெண் எல்லாம் அதில் கலந்திருக்கும். எதிர்பார்த்திருந்து கேட்க அதில் ஒன்றுமே இல்லை. பகலில் நட்சத்திரம் தெரியாததைப் போல, அந்தப் பரந்த இரைச்சலுக்குள் பேச்சின் ஏற்ற இறக்கம் அமிழ்ந்துபோகிறது. ஒலியியலில் இதை மறைப்பு என்கிறார்கள். வெள்ளை இரைச்சல், இளஞ்சிவப்பு இரைச்சல், பழுப்பு இரைச்சல் என்று இணையத்தில் கிடைப்பவை எல்லாம் இதன் செயற்கை வடிவங்கள்தான். வெள்ளை இரைச்சலில் ஒவ்வொரு ஹேர்ட்ஸுக்கும் ஒரே அளவு ஆற்றல் இருக்கும், காதுக்கு அது 'ஸ்ஸ்' என்ற கூர்மையான சீறலாகக் கேட்கும். இளஞ்சிவப்பில் அதிர்வெண் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஆற்றல் 3 டெசிபெல் குறையும், அதனால் மென்மையாக, கிட்டத்தட்ட மழை போலவே இருக்கும். பழுப்பில் 6 டெசிபெல் குறையும். அது தூரத்து அருவி போல ஆழமாக உறுமும். பிள்ளைகள் சீறலைவிட மழையையும் இளஞ்சிவப்பையும்தான் விரும்புகிறார்கள். நானும் அந்த இரண்டோடு நின்றுகொள்கிறேன்.

மறைப்பு என்பது ஒரு பக்கம். இரைச்சல் மூளையையே கூர்மையாக்கும் என்று இணையத்தில் சொல்வது இன்னொரு பக்கம். இங்கேதான் அவதானம் தேவை. சுவீடனைச் சேர்ந்த யோரான் சோடர்லுண்டும் உடனாய்வாளர்களும் 2007 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கவனக்குறைவு மிகைச் செயற்பாட்டுக் குறைபாடு உள்ள சிறுவர்கள் வெள்ளை இரைச்சல் ஓடும்போது நினைவாற்றல் சோதனையை முன்னைவிட நன்றாகச் செய்தார்கள். அந்தக் குறைபாடு இல்லாத சிறுவர்களோ அதே இரைச்சலில் முன்னைவிட மோசமாகச் செய்தார்கள். 2010 இல் சாதாரணப் பாடசாலை மாணவர்களிடம் செய்தபோதும் இதே போக்குத்தான்: ஆசிரியர்கள் கவனம் குறைந்தவர்கள் என்று சொன்ன பிள்ளைகள் முன்னேறினார்கள், நல்ல கவனம் உள்ளவர்கள் பின்வாங்கினார்கள். இதுவரையான ஆய்வுகளைத் திரட்டி 2024 இல் வந்த ஒரு தொகுப்பாய்வும் வெள்ளை, இளஞ்சிவப்பு இரைச்சல்களால் அந்தக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சிறிய நன்மையும் மற்றவர்களுக்குச் சிறிய தீமையும் இருப்பதாகவே சொல்கிறது. இவ்வளவு பேசப்படும் பழுப்பு இரைச்சல் பற்றி, அந்தத் தொகுப்பில் சேர்க்கத்தக்க ஆய்வு ஒன்றுகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் ஒரு ஸ்பீக்கரை வைத்து எல்லாருக்கும் ஒரே இரைச்சலை ஊற்றினால் சிலருக்கு உதவி, சிலருக்கு இடைஞ்சல். யாருக்கு எது என்பது அவர்களைக் கேட்டால்தான் தெரியும். நான் கேட்பேன். எங்கள் பிள்ளைகள் ரீச்சர் கேட்டால் ரீச்சருக்குப் பிடித்த பதிலைத்தான் முதலில் சொல்வார்கள். அதனால் பெயர் எழுதாமல் துண்டுத் தாளில் எழுதித் தரச் சொல்வேன். "மழை போட்டால் கணக்கு வேகமா வருது" என்று ஒருவர் எழுதியிருப்பார். "நித்திரை வருது ரீச்சர்" என்று இன்னொருவர். "கெமிஸ்ரிக்குப் போடுங்கோ, பந்தி வாசிக்கேக்க வேண்டாம்" என்று ஒரு தாளில் இருந்தது. எனக்குக் கிடைத்த பதில்களில் மிகப் பயனுள்ளது அதுதான். எழுதியது யார் என்று தெரியாது. ஆனால் இந்த வேலைக்கு வேண்டும், அந்த வேலைக்கு வேண்டாம் என்று அந்தப் பிள்ளை தானாகவே பிரித்துப் பார்த்திருக்கிறது. அதற்குப் பிறகு நான் பந்தி வாசிப்புக்குப் போடுவதே இல்லை.

80 டெசிபெலை ஒட்டிய அளவில் நடந்த ஆய்வகச் சோதனைகளை வகுப்பில் அப்படியே செய்யவும் கூடாது. அது பரபரப்பான வீதியோரச் சத்தம். என் அளவுகோல் எளிமையானது: கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளையிடம் நான் மேசையில் இருந்தபடி சாதாரணக் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அந்தப் பிள்ளை நிமிர வேண்டும். நிமிராவிட்டால் சத்தம் கூடிவிட்டது. ஸ்பீக்கரை என் மேசையில் வைப்பதில்லை, தட்டிப் பக்கம் வைப்பேன். பக்கத்து வகுப்புப் பேச்சு எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் இருந்தால்தான் குறைந்த சத்தத்திலேயே அதை மறைக்க முடியும். பக்கத்து வகுப்பு ரீச்சரிடம் முதலே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நாங்கள் அவருக்கு இடைஞ்சல் ஆகிவிடுவோம். இன்னொன்று, திடீரென்று போட்டுத் திடீரென்று நிறுத்தக்கூடாது. மெல்லக் கூட்டி மெல்லக் குறைத்தால் பிள்ளைகளின் கவனம் அதன் பின்னால் ஓடாது.

நான் விளக்கம் சொல்லும்போது ஸ்பீக்கர் நின்றிருக்கும். இதில் விட்டுக்கொடுப்பே இல்லை. ஆசிரியரின் குரல் சுற்றுச் சத்தத்தைவிடக் குறைந்தது 15 டெசிபெல் மேலே நிற்க வேண்டும் என்பது வகுப்பறை ஒலியியலில் ஏற்றுக்கொண்ட கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 1999 இல் வெளியிட்ட வழிகாட்டலில் வகுப்பறையின் பின்னணிச் சத்தம் 35 டெசிபெலைத் தாண்டக்கூடாது என்றிருக்கிறது. எங்கள் மண்டபங்களில் அது எட்டாத கனவு. இரைச்சலுக்குள்ளிருந்து பேச்சைப் பிரித்தெடுக்கும் திறமை பதின்ம வயது வரை வளர்ந்துகொண்டே இருப்பது. பெரியவர்களான எங்களுக்கு 'கேட்கிறதே' என்று தோன்றும் ஒரு வசனம் தரம் 3 பிள்ளைக்கு அரைகுறையாகத்தான் போய்ச் சேரும். காது வடிகிற பிள்ளை, சளி பிடித்துக் காது அடைத்திருக்கிற பிள்ளை, ஆங்கிலத்தையோ சிங்களத்தையோ புதிதாகப் படிக்கிற பிள்ளை, இவர்கள்தான் முதலில் விழுவார்கள். 'விளங்கவில்லை' என்று இவர்கள் கை உயர்த்துவதும் இல்லை. ஆங்கிலச் சொல்வதெழுதல் நடக்கும்போது மழை போடுவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

எங்கள் தொண்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுற்றிச் சத்தம் கூடினால் மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார்கள். 1911 இல் எத்தியன் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை எழுதியதால் லொம்பார்ட் விளைவு என்று பெயர். ஒரு மண்டபத்தில் நான்கு வகுப்பு என்றால், நான் உயர்த்த அடுத்தவர் உயர்த்த, பத்து மணிக்குள் நான்கு பேரும் கத்திக்கொண்டிருப்போம். மிளகும் கற்கண்டும் கைப்பையில் வைத்திருக்காத ரீச்சர் எங்கள் ஊரில் குறைவு. இந்த நிலையில் விளக்கம் சொல்லும்போதும் ஸ்பீக்கரை ஓடவிடுவது எங்களுக்கு நாங்களே செய்யும் கொடுமை.

எந்தச் சத்தம் என்பதையும் பார்த்து எடுக்க வேண்டும். பிள்ளைகள் சினிமாப் பாட்டுக் கேட்பார்கள்: "ரீச்சர், மெலடி மட்டும் போடுங்கோ." வரிகள் உள்ள பாட்டு என்றால் அது பக்கத்து வகுப்புப் பேச்சைவிட மோசம், ஏனென்றால் எல்லாருக்கும் மனப்பாடம். வரியில்லாத இசையிலும் தெரிந்த மெட்டு என்றால் மனம் வரியை நிரப்பிவிடும். மேல்நாட்டுச் செவ்விசை போட்டால் புத்தி வளரும் என்ற கதை 1993 இல் நேச்சர் இதழில் வந்த ஒரு சிறு ஆய்விலிருந்து பெருத்தது. அது 36 கல்லூரி மாணவர்களிடம் செய்தது. மோட்சார்ட்டைக் கேட்ட பிறகு இடம், வடிவம் சார்ந்த சோதனை ஒன்றில் கிடைத்த முன்னேற்றம் பத்துப் பதினைந்து நிமிடம்தான் நின்றது. படிக்கும்போது பின்னணியில் இசை ஓடுவதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

மழைப் பதிவு எடுக்கும்போது இடி இல்லாததாகப் பார்த்து எடுங்கள். இணையத்தில் பாதிக்கு மேல் இடியோடுதான் கிடைக்கும், அது அழகு என்று நினைக்கிறார்கள். சீராக ஓடும் சத்தத்தின் நடுவே திடீரென்று ஒரு வெடிப்பு வந்தால் எந்த ஊர்ப் பிள்ளையும் திடுக்கிடும். எங்கள் ஊரில் அதற்கு மேலும் ஒன்று உண்டு. என் வயதை ஒத்தவர்கள் தொண்ணூறுகளின் போர்க்காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள். ஒரு காது பாடத்தில் இருந்தால் மறு காது வானத்தில் இருக்கும். ஷெல் எங்கிருந்து கிளம்புகிறது, குண்டு போடும் பொம்பர் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பிரித்தறியக் காதைப் பழக்கிக்கொண்ட தலைமுறை. இன்றைக்கும் எங்களில் பலருக்கு ஆழமான உறுமலோடு ஓடும் பதிவுகள் பிடிப்பதில்லை. வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் காலம் தெரியாது. ஆனால் அந்தக் காலத்தைத் தாண்டி வந்த தாய் தகப்பனோடுதான் வளர்கிறார்கள். கடல் அலையும் அப்படித்தான். வடமராட்சி கிழக்கில் 2004 மார்கழி 26 சுனாமியைக் கண்ட குடும்பங்களிலிருந்து வரும் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் நான் அலைச் சத்தம் போடமாட்டேன். மழை யாருக்கும் நோவு தராது என்றும் நினைக்கவில்லை, வெள்ளத்தில் வீடு போன பிள்ளையும் இருக்கலாம். அதனால்தான் கேட்டுவிட்டுப் போடச் சொல்கிறேன்.

வீட்டுப் படிப்பில் இது வகுப்பைவிட நன்றாகப் பயன்படும், ஏனென்றால் அங்கே ஒரு பிள்ளைக்கு ஒரு தீர்மானம் போதும். விளக்கு வைத்த நேரம் முதல் இரவு பத்து மணி வரைதான் எங்கள் பிள்ளைகள் படிக்கும் நேரம். ஒலிபெருக்கிகள் பற்றி 2007 இல் உயர் நீதிமன்றம் கொடுத்த கட்டளை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரைதான் கட்டுப்படுத்துகிறது. அதற்கு முந்திய நான்கு மணி நேரத்தையும் கோயில் திருவிழா, பக்கத்து வீட்டுச் சாமத்தியச் சடங்கு, முன் அறைத் தொலைக்காட்சி நாடகம் எல்லாம் பங்கு போட்டுக்கொள்ளும். கோயில் நிர்வாகங்கள் நினைத்தால் பரீட்சைக் காலத்தில் ஒலிபெருக்கியைக் கோயில் வீதிக்குள் கேட்கும் அளவுக்குக் குறைக்கலாம். பக்தி எதுவும் குறையப் போவதில்லை. அதுவரை, மின்விசிறியே நல்ல மறைப்பு. பிள்ளையின் மேசைக்கும் முன் அறைக்கும் நடுவில் வையுங்கள். இயர்போன் போடுவதென்றால் சத்தத்தைக் குறைத்து வைக்க வேண்டும். சிறுவர்களுக்கு 75 டெசிபெலில் கிழமைக்கு 40 மணி நேரம் என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. கடைசி இரண்டு மூன்று மாதம் கடந்தகால வினாத்தாள்களைச் செய்யும்போது எதுவுமே போடாமல் பழக வேண்டும். பரீட்சை மண்டபத்தில் காகம் கரையும், மேற்பார்வையாளரின் செருப்புச் சத்தம் கேட்கும், மழைப் பதிவு இருக்காது.

இவ்வளவும் சொன்ன பிறகு எனக்கு உண்மையில் மனதில் கிடப்பதைச் சொல்கிறேன். நியூயோர்க் மான்ஹட்டனில் ஒரு பாடசாலைக்கு மிக அருகே மேம்பாலத் தண்டவாளம் ஓடியது. ஆர்லின் புரோன்சாஃப்ட் என்ற உளவியலாளர் 1975 இல் அந்தப் பாடசாலையின் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டார். தண்டவாளப் பக்க வகுப்புகளில் இருந்த ஆறாந்தரப் பிள்ளைகள் அமைதியான பக்கத்தில் இருந்தவர்களைவிட வாசிப்பில் கிட்டத்தட்ட ஒரு வருடம் பின்தங்கியிருந்தார்கள். ஒரே பாடசாலை, ஒரே பாடத்திட்டம். பிறகு தண்டவாளத்துக்கு இறப்பர் மெத்தை போட்டார்கள், இரைச்சலான வகுப்புகளின் கூரைக்குக் கீழே ஒலியை உறிஞ்சும் தட்டுகள் அடித்தார்கள். 1981 இல் வெளியான மறு ஆய்வில் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை. யாரும் அந்தப் பிள்ளைகளுக்கு ஸ்பீக்கர் வாங்கிக் கொடுக்கவில்லை. சத்தத்தைக் குறைத்தார்கள்.

ஸ்பீக்கர் எங்கள் கையில் இருக்கும் சின்னச் சாமான். தட்டிக்கு அந்தப் பக்கத்துப் பேச்சை மூட அதற்கு மேல் என்னிடம் எதுவும் இல்லை என்பதால்தான் அதைப் பயன்படுத்துகிறேன். கனடாவிலும் லண்டனிலும் சுவிஸிலும் இருக்கும் பழைய மாணவர்களே, உங்கள் சங்கங்கள் பாடசாலைக்கு எவ்வளவோ செய்கின்றன. நுழைவாயில் வளைவு வருகிறது, ஸ்மார்ட் போர்ட் வருகிறது, நிறுவுநர் சிலைக்குப் புது மேடை வருகிறது. அடுத்த தடவை அதிபர் பட்டியல் அனுப்பும்போது, மண்டபத்துக்குள் வகுப்புகளைப் பிரிக்க எத்தனை முழுச்சுவர் வேண்டும் என்று திருப்பிக் கேளுங்கள். தகரக் கூரைக்குக் கீழே தட்டு அடிக்க முடியுமா என்று கேளுங்கள். அதற்குப் பணம் போதாவிட்டால், பலகைத் தட்டிகளில் ஒட்ட நல்ல தடிப்பான தும்புப் பாய் வாங்கிக் கொடுங்கள். வரும் மாரிக்கு முன் கிடைத்தால் நல்லது.